பனிமூட்ட மாதங்களின் மனச்சோர்வு: புதிதாக வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியா மலைகளில் இறங்கியதும், முதல் நியமனம் பெற்றுக் கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த இளம் ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சைக் குறைத்துக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நானும் மட்டக்களப்பிலிருந்து வந்தவன். இங்கே மழையாகக் கொட்டித் தீர்க்கும் அதே காற்றுத்தான் மலையைத் தாண்டி எங்கள் ஊரில் கச்சானாக வறண்டு வீசுகிறது; கச்சானில் வளர்ந்த உடம்பையும் மனத்தையும் நுவரெலியாவின் ஆடி மாதம் என்ன செய்யும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. குடையையும் கம்பளியையும் பற்றி நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இங்கே எழுதுவன நான் செய்து வருந்திய தவறுகள்.

இது குளிர்நாட்டு நோய் என்று நினைத்துக்கொள்வது

கனடாவில் இருக்கும் உறவினர் குளிர்காலச் சோர்வைப் பற்றிச் சொல்லக் கேட்டு, நமக்கும் அதுவேதான் என்று சிலர் முடிவுசெய்கிறார்கள். நமக்கு அது வரவே வராது என்று வேறு சிலர் முடிவுசெய்கிறார்கள். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நோர்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்துப் பெயரிட்ட பருவகால மனச்சோர்வு, பகல் பெரிதும் சுருங்கும் நாடுகளிலேயே அதிகம் காணப்படுகிறது. இலண்டனில் மார்கழிப் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்; ஆனியில் அது 16 மணி நேரத்தைத் தாண்டும். நுவரெலியாவோ ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. மழை மாதங்களில் நம்மிடம் சுருங்குவது நாம் வெளியே நிற்கும் நேரம்.

வெயில் இல்லையே என்று உள்ளே கிடப்பது

வெளிச்சத்தின் அளவை மூளையிலுள்ள உடற்கடிகாரத்துக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் சில கலங்கள் உண்டு. ஒற்றை மின்குமிழ் எரியும் விடுதி அறையில் அவற்றுக்குக் கிடைப்பது 100, 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே. மூடுபனி கவிந்த முற்பகலிலும் வெளியே பெரும்பாலும் 1,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். குளிர்நாடுகளில் காலை வேளையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் அமர்த்துவதும் இந்தக் காரணத்துக்காகத்தான். நான் தேத்தண்ணீர் குடித்த கையோடு தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களம் வரை நடந்து திரும்புகிறேன். 25 நிமிடம் ஆகும். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் பெண்கள் அந்த நேரத்தில்தான் எதிரே வருவார்கள். யாரோடாவது இரண்டு வார்த்தை பேசாமல் திரும்ப முடியாது. அதுவும் மனத்துக்கு நல்லது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். 2007இல் நான் வந்த முதல் ஆண்டின் ஆனி மாதத்தில், பாடசாலை விட்டு வந்ததும் மூன்று மணிக்கெல்லாம் கம்பளிக்குள் புகுந்துகொள்வேன். சோறும் பாணும் மாத்திரம் அளவுக்கு மிஞ்சி இறங்கின. வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது நின்றுபோனது. மழைக்காலம் கழிந்து வானம் வெளித்தபோது மனமும் வெளித்தது. மழைதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆண்டும் அப்படியே கழிந்தது. மூன்றாவது ஆண்டில் மழை விட்டது, சோர்வு விடவில்லை. தை மாதத்தில் புல்லின்மேல் உறைபனி படிந்து, எட்டு மணிக்கெல்லாம் வானம் நீலமாக விரியும். அப்படியொரு காலையில் விடுதிப் படியில் உட்கார்ந்து, சப்பாத்தின் கயிற்றைக் கையில் பிடித்தபடி, அதைக் கட்ட மனம் ஏவாமல் நெடுநேரம் இருந்தேன். ஆடி மாதத்துப் பூஞ்சணம் சப்பாத்தின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. ஆறு மாதமாக நான் அதைத் துடைத்திருக்கவில்லை.

இழந்தது என் காலம் மட்டுமென்றால் இவ்வளவு எழுதமாட்டேன். அந்த மூன்று ஆண்டுகளும் தரம் 11க்குக் கணிதம் கற்பித்தவன் நான். அந்தத் தோட்டப் பாடசாலையில் வேறு கணித ஆசிரியர் இல்லை. தகரக் கூரையில் மழை விழும்போது உரத்துப் பேசினால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். நான் உரத்துப் பேசவில்லை. கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சாதாரண தரத்தில் கணிதம் தவறிய அன்றைய மாணவர் ஒருவர் இன்று கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது என்னைக் கண்டால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.

கடைசியில் நான் போய்க் கண்ட வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை கிழமையாக இப்படி இருக்கிறது என்பதுதான். நான் மூன்று மழைக்காலங்களை எண்ணிச் சொன்னேன். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து, பிடித்த காரியங்களிலும் நாட்டமின்றி இருந்தால் அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார்.

சென்ற ஆண்டு வன்னியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் இதே வார்த்தையை என்னிடம் சொன்னார்: "மழைதான் சேர், விட்டாச் சரியாகீடும்." பத்துப் படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வற்புறுத்தி அனுப்பிவைத்தோம், இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தது. இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்புக் குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும்; வானத்தைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

குளிருக்கென்று மது

வேண்டாம். உறக்கத்தைக் கெடுக்கும், சோர்வைக் கூட்டும்.

இரவில் பிரகாசமான விளக்கு

உடற்கடிகாரம் பின்தள்ளப்படும். வெளிச்சம் காலைக்குரியது.

வெயிலைக் கண்டதும் மருந்தை நிறுத்துவது

மனச்சோர்வுக்கான மருந்துகளின் பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும். பலன் தெரிந்ததும் நிறுத்திவிட்டால் சோர்வு திரும்பக்கூடும். திடீரென நிறுத்துவதால் தலைச்சுற்றும் உறக்கமின்மையும் வரக்கூடும். வைத்தியர் சொல்லும் முறைப்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் கட்டணமில்லை. உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதல் நாளே என்னிடம் சொல்லிவிடுங்கள். காலை பஸ்ஸில் நானும் கூட வருகிறேன்.