மொழிபெயர்ப்பு வார்ப்புருவைப் பராமரிப்பது எப்படி?

கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்க முன்வருவோர் பெரும்பாலும் முதலில் திறப்பது, மொழிபெயர்ப்புகளை எழுதும் பிஓ கோப்பைத்தான். ஆனால் அதற்குத் தாயான, ஆங்கில மூலங்களை மட்டும் கொண்ட பிஓடி வார்ப்புரு பழையதாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியாக மொழிபெயர்த்தாலும் புதிய சரங்கள் (நிரலில் உள்ள சொற்றொடர்கள்) திரையில் ஆங்கிலத்திலேயே நிற்கும். க்னூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவிகளைப் பயன்படுத்தும் ஒரு சி மொழித் திட்டத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

முதலில், பயனர் படிக்கும் ஒவ்வொரு சரமும் மூலநிரலில் கெட்டெக்ஸ்ட் செயற்கூறுக்குள்ளோ, அதன் சுருக்கமான அடிக்கோட்டுக்குள்ளோ, அதாவது _( ) என்பதற்குள்ளோ, இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய நிரற்கோப்புகளின் பெயர்களை பாட்ஃபைல்ஸ்.இன் பட்டியலில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். புதிய நிரற்கோப்பைச் சேர்ப்பவர் இப்பட்டியலை மறந்துவிடுவதால்தான், நான் கண்டவரை, சரங்கள் அதிகம் விடுபடுகின்றன.

அடுத்து, இப்பட்டியலைக் கொடுத்து சரங்களைத் திரட்டும் எக்ஸ்கெட்டெக்ஸ்ட் கட்டளையை இயக்கினால் வார்ப்புரு உருவாகும். அடிக்கோட்டையும் தேடவேண்டிய குறிச்சொல்லாகச் சேர்க்கவும், குறிமுறை யூடிஎஃப்-8 எனத் தெரிவிக்கவும் வேண்டும். இந்த வார்ப்புருவைக் கையால் திருத்தாதீர்கள்; அடுத்த முறை உருவாக்கும்போது திருத்தம் அழிந்துவிடும். பிழையை மூலநிரலிலேயே சரிசெய்யுங்கள். ‘ஓப்பன்’ என்ற ஒரே சொல் ஓரிடத்தில் ‘திற’ என்றும் மற்றோரிடத்தில் ‘திறந்துள்ளது’ என்றும் வரவேண்டுமெனில், அங்கே பிகெட்டெக்ஸ்ட் என்ற செயற்கூறின் மூலம் சூழலைத் தருமாறு நிரலரிடம் கேளுங்கள்.

தமிழ் பிஓ கோப்பை முதன்முறை எம்எஸ்ஜிஇனிட் கட்டளை உருவாக்கித் தரும். அதன்பின் வார்ப்புரு மாறும்போதெல்லாம், மாற்றங்களை அக்கோப்பில் இணைக்க எம்எஸ்ஜிமெர்ஜ் கட்டளை போதும். இங்குதான் நிதானம் தேவை. ‘டெலீட் தி ஃபைல்’ என்ற சரம் ‘டோன்ட் டெலீட் தி ஃபைல்’ என மாறினால், ‘கோப்பை நீக்கு’ என்ற பழைய மொழிபெயர்ப்பையே ஒத்ததாகக் கருதி, ‘ஃபஸ்ஸி’ (உறுதியற்றது) என்ற குறியுடன் அக்கருவி ஒட்டிவைக்கக்கூடும். படிக்காமல் அக்குறியை எடுத்துவிட்டால் பயனருக்கு நேர்மாறான பொருள் போய்ச் சேரும். எடுக்காமல் விட்டால் ஆங்கிலமாவது தெரியும்.

சொல்வரிசையும் முக்கியம். ‘இத்தனை கோப்புகள், இந்தக் கோப்புறைக்கு’ என ஆங்கிலச் சரம் அமைந்திருக்க, தமிழில் கோப்புறையே முன்னே வரும். அப்போது, மதிப்பு வரவேண்டிய இடத்தைக் காட்டும் % குறியை அடுத்து 1$, 2$ என வரிசையெண் இட்டால் மதிப்புகள் இடம் மாறாமல் பொருந்தும். பிஓ கோப்பை மென்பொருள் படிக்கும் வடிவுக்கு மாற்றும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவுடன் இயக்கினால் இத்தகைய பிழைகள் அகப்படும்.

இறுதியாக, மொழிகளைப் பட்டியலிடும் லிங்குவாஸ் கோப்பில் தமிழின் மொழிக்குறி (ta) உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் முழுமையாக மொழிபெயர்த்த கோப்பும் மென்பொருளுடன் நிறுவப்படாது.