எகிப்தைக் காலவரிசையில் சுற்றிப் பாருங்கள்

கெய்ரோவில் இறங்கியதும் கிசாவுக்குப் போகாதீர்கள். பெரிய பிரமிடை முதலில் பார்த்துவிட்டால், பிறகு பார்க்கும் பிரமிடெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். அது எப்படி அந்த உயரத்துக்கு வந்தது என்ற கதையும் கைநழுவிப் போகும். பள்ளியில் பல வருடம் வரலாறு நடத்தியவள் நான். அதனால் ஊர்களைக் கால வரிசைப்படியே பார்க்க வேண்டுமென்று பிடிவாதமாகத் திட்டம் போட்டேன். கூட வந்த அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், நடைக்கும் வெயிலுக்கும் ஏற்ற மாதிரியே எல்லாம் அமைந்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். விசாவைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். முக்கியமான இடங்கள் பலவற்றில் நுழைவுச்சீட்டுக்குக் கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள். வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கழிப்பறைக் காவலர், பை தூக்குபவர் என்று யாருக்காவது கொடுக்கச் சில்லறை நோட்டுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு ‘பக்‌ஷீஷ்’ என்று பெயர்.

முதல் நாள் சக்காரா. கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். கி.மு. 27ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னனுக்காக இம்ஹோதெப் எழுப்பிய படிப் பிரமிடு இங்கேதான் இருக்கிறது. அதுவரை செங்கல்லில் கட்டிய மேடைக் கல்லறைதான் வழக்கம். இவர் கல்லில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு வைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே உனாஸ், டெட்டி என்ற மன்னர்களின் பிரமிடுகள். வெளியே மண்மேடுபோல் சரிந்து கிடக்கின்றன என்று ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைக்கு எது திறந்திருக்கிறதோ அதற்குள் இறங்குங்கள்: சுவர் முழுக்க, இறந்த மன்னன் வானேறுவதற்கான மந்திரங்கள். கிசாவின் பெரிய பிரமிடுகளுக்குள் இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. அமைச்சர் மெரெருகாவின் கல்லறையையும் விடாதீர்கள். மீன் பிடிப்பவர்கள், மாடு ஓட்டுபவர்கள், வரி கட்டாமல் அடி வாங்குபவர்கள் என்று மன்னர் கல்லறையில் காண முடியாத ஊர் சனம் அங்கே இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

அதே வண்டியில் தஹ்ஷூருக்குப் போங்கள். கூட்டமே இருக்காது. ஸ்னெஃபெரு மன்னன் கட்டிய வளைந்த பிரமிடு சுமார் 54 பாகைச் சரிவில் எழும்பி, நடுவில் 43 பாகைக்கு மடங்குகிறது. கட்டும்போதே விரிசல் கண்டு சரிவைக் குறைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அடுத்த சிவப்புப் பிரமிடை அடியிலிருந்தே 43 பாகையில் கட்டினார்கள். அது நிலைத்தது. அதற்குள் போக, குனிந்தபடியே 60 மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் வேண்டாம். அக்கா வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள். உள்ளே கற்கள் படிப்படியாக உள்நோக்கி நீண்டு உச்சியில் கூடும் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

மறுநாள் கிசா. ஸ்னெஃபெருவின் மகன் கூஃபு எழுப்பியது முதலில் 146 மீட்டர் உயரம். அப்பா பட்ட பாடெல்லாம் மகனுக்குக் கைகொடுத்திருக்கிறது என்பது இப்போது உங்கள் கண்ணுக்கே தெரியும். காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். சிவப்புப் பிரமிடுக்குள் போய்வந்தவர்கள் இங்கே உள்ளே செல்லத் தனிச்சீட்டு எடுக்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை என்பது என் எண்ணம். ஒட்டகச் சவாரியும் வேண்டாம். அந்தப் பிராணிகள் படும் பாட்டைப் பார்த்தால் மனசு கேட்காது.

அங்கிருந்து லக்சருக்கு இரவு ரயில். போகும் முன் பழைய எகிப்தின் சித்திர எழுத்தில் மூன்று குறிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீள்வட்டக் கயிற்றுக்குள் எழுதியிருந்தால் அது அரசர் பெயர். அதற்குள் சூரிய வட்டம், காய் அடுக்கிய ஆட்டப்பலகை, வண்டு மூன்றும் இருந்தால் மூன்றாம் துட்மோஸ். வட்டம், தலையில் இறகு சூடி உட்கார்ந்த தேவி, மேலே தூக்கிய இரு கைகள் என்றால் ஹாட்செப்சுட் அரசி. பறவையும் விலங்கும் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே போதும், லக்சரிலுள்ள கர்னக் கோயிலின் சுவர்கள் பேச ஆரம்பிக்கும். அங்கே 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். வடபாதியில் உருவங்கள் கல்லிலிருந்து புடைத்து நிற்கும். அது முதலாம் சேதியின் வேலை. தென்பாதியில் கல்லுக்குள் குழித்துச் செதுக்கியிருக்கும். அது மகன் இரண்டாம் ராமேசஸின் காலம். குழிப்பது வேகமாக முடிகிற வேலை.

தங்குவதற்கு நைலின் மேற்குக்கரைதான் என் தேர்வு. படகில் ஆற்றைக் கடக்கும் செலவு மிகக் குறைவு, அமைதியும் உண்டு. அரசர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். மூன்றாம் ராமேசஸ், நான்காம் ராமேசஸ், மெர்னெப்தா ஆகிய மூன்றையும் எடுங்கள். துட்டன்காமுன் கல்லறைக்குத் தனிச்சீட்டு, அறை சிறியது. அந்தப் பணத்தை முதலாம் சேதியின் கல்லறைக்குக் கொடுக்கலாம், சீட்டு விலை கூடுதல்தான் என்றாலும். ஹாட்செப்சுட் கோயிலின் நடுத்தளத்தில் இடப்பக்கச் சுவரில் புந்த் நாட்டுக் கடற்பயணம் செதுக்கியிருக்கிறது. வாசனைப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலேற்றுகிறார்கள்.

பேருந்துக் கூட்டம் தவறவிடும் இடம் டெய்ர் எல்-மதீனா. அரசர் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்களின் ஊர். மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாக வரவேண்டிய தானியம் வராமல் போனதால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் முன் போய் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தாம். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய அந்தப் பதிவு இன்று இத்தாலியின் டூரினில் இருக்கிறது. அவர்களின் வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி இன்றும் நிற்கிறது. செந்நெஜெம் என்பவரின் கல்லறையில் கணவனும் மனைவியும் மறுவுலக வயலில் உழுது அறுக்கிறார்கள், நிறம் மங்கவேயில்லை. அங்கிருந்து நேரே மெதினெத் ஹபு கோயிலுக்குப் போங்கள். அதே மூன்றாம் ராமேசஸ் கட்டியது. அந்த ஊரைப் பார்த்த கண்ணோடு அதன் வெற்றிச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும்.

தெற்கே போகப்போகக் காலவரிசை கொஞ்சம் கலையும். வழியில் வரும் எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள் இரண்டும் பிற்காலத்தில் ஆண்ட கிரேக்க வம்சத்தார் கட்டியவை. அஸ்வானிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் அபு சிம்பெல் மூன்று மூன்றரை மணி நேரம். அஸ்வான் அணை நீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை இரண்டாம் ராமேசஸின் மலைக்கோயிலை அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுவந்து வைத்தார்கள். பெரியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அவன் அரசி நெஃபெர்தாரியின் கோயிலுக்கும் போங்கள். வாசலில் அரசியின் சிலை அரசனின் உயரத்துக்கு நிற்கிறது. எகிப்தில் இது அபூர்வம். பழைய எழுத்து முடிவது அஸ்வான் பக்கத்திலுள்ள ஃபிலே தீவில். தேதி தெரிந்த கடைசிச் சித்திர எழுத்து கி.பி. 394இல் அங்கே பொறிக்கப்பட்டது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம் சேர்ந்த கோஷரி எல்லா ஊரிலும் கிடைக்கும். மொச்சை வகைப் பயறில் செய்யும் தாமெயா வடையும் சைவம்தான்.

நேரம் இருந்தால் லக்சரிலிருந்து கிழக்கே செங்கடல் கரையிலுள்ள குசேருக்கு ஒருநாள் போய்வரலாம். அதன் பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இன்னும் தெற்கே பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

அருங்காட்சியகங்களைக் கடைசிக்கு வையுங்கள். இடங்களைப் பார்த்தபின் போனால் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து நிற்பீர்கள். கிசா பக்கத்தில் 2025 நவம்பரில் முறைப்படி திறந்த மாபெரும் அருங்காட்சியகத்தில் துட்டன்காமுன் கல்லறைப் பொருட்கள் 5,000க்கு மேல் ஒரே இடத்தில் இருக்கின்றன. முழுநாள் ஒதுக்கி, சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். அரச மம்மிகள் மட்டும் அங்கே இல்லை. அவற்றை 2021இல் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கர்னக்கில் பெயர் வாசித்த மூன்றாம் துட்மோஸையும் ஹாட்செப்சுட்டையும் அங்கேதான் நேரில் பார்க்கலாம்; அதற்கு இன்னொரு அரைநாள் வையுங்கள்.