ஹொட் டப்புக்குக் குளோரினா, புரோமினா? மலைநாட்டு வீட்டுக்காரருக்கு

ஹொட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி, அதன் தண்ணீருக்கு எந்தக் கிருமிநாசினி மருந்து நல்லது என்று யாராவது கேட்டால், மூடியைத் தினமும் திறந்து பார்க்கப் போவது யார் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். நுவரெலியாவில் சொந்த வீட்டில் குடியிருந்து ராத்திரிக் குளிருக்கு இறங்குகிறவருக்கு ஒரு வழி, கொழும்பில் இருந்துகொண்டு அப்புத்தளை பங்களாவை வாச்சர் பொறுப்பில் விட்டிருக்கிறவருக்கு வேறு வழி. விற்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

மருந்தே இல்லாமல் சமாளிக்க முடியாது. 1,000 லிட்டர் சுடுதண்ணீரில் நாலு பேர் உட்கார்ந்தால் வேர்வை, எண்ணெய், சோப் எல்லாம் அதற்குள்தான். சூடோமோனாஸ் கிருமி வளர்ந்தால் நீச்சல் உடை மூடிய இடமெல்லாம் சிவப்புப் பருவாக எழும்பும், லீஜியோனெல்லா நீராவியோடு மூச்சில் போனால் நிமோனியா வரை கொண்டுபோய் விடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சிடிசி சொல்லும் அளவு இது: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), புரோமின் என்றால் குறைந்தது 4, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.0 முதல் 7.8 வரை, சூடு 40 பாகைக்கு மேல் வேண்டாம்.

மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். பீலியிலும் மலை ஊற்றிலும் வருவது பெரும்பாலும் மென்மையான தண்ணீர், காரத்தன்மை குறைவு, அதனால் பிஎச் ஓரிடத்தில் நிற்காது. காலையில் சரியாக இருந்தது மாலையில் இறங்கிப் போகும். 1,000 லிட்டருக்கு 17 கிராம் அப்பச்சோடா போட்டால் காரத்தன்மை 10 பிபிஎம் அளவு ஏறும். 80க்கும் 120க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை. மழை நாளில் கலங்கி வரும் தண்ணீரை நேரே டப்புக்குள் விடாமல் தாங்கியில் தெளியவிடுங்கள், இல்லாவிட்டால் போடுகிற மருந்தை அழுக்கே தின்றுவிடும்.

சரி, வீட்டில் ஆள் இருந்தால் குளோரின்தான் என் தேர்வு. செலவு குறைவு, வேலை வேகம். ஆனால் சூட்டிலும் ஜெட் கிளப்பும் காற்றிலும் சீக்கிரம் கரைந்து போகும், அதனால் தினம் பார்த்துப் போட வேண்டும். டைக்குளோர் என்னும் குளோரின் தூள் 1,000 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சொச்சம் போட்டால் 3 பிபிஎம் வரும். சிக்கல் என்னவென்றால் அதோடு சயனூரிக் அமிலமும் சேரும், அது ஆவியாகிப் போவதில்லை, தினம் 3 பிபிஎம் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு மாதத்தில் 80 பிபிஎம் பக்கம் தேங்கி, குளோரினின் கையைக் கட்டிவிடும். ஹொட் டப்பில் அந்த அமிலமே வேண்டாம் என்கிறது சிடிசி. ஆகவே வாசனையும் நுரையும் சேர்க்காத திரவ குளோரின் நல்லது. 5 சதவீத போத்தல் என்றால் 1,000 லிட்டருக்கு 60 மில்லிலீட்டர் அதே 3 பிபிஎம் தரும். கிணற்றுக்குப் போடும் டீசிஎல் தூள் வீட்டில் கிடக்கிறதே என்று அதைக் கொட்டாதீர்கள், சுண்ணாம்பு கலங்கிப் படியும். நீச்சல் தடாகத்து ட்ரைக்குளோர் வில்லையும் வேண்டாம், அமிலம் கூடியது, ஹீட்டரை அரிக்கும். அந்த வில்லையும் தூள்களும் ஒரே அலமாரியில் இருந்து ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

மூடியைத் திறந்ததும் மூக்கில் குத்துகிற வாடை வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைத்துப் போடாமல் விடுகிறார்கள், உண்மை அநேகமாக நேர்மாறு. அது குளோரின் அழுக்கோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடை. நிறம் மாறி அளவைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள், குளோரின் கட்டம் அநேகமாக வெளுத்தே இருக்கும்.

வாரக் கடைசியில் மட்டும் ஆள் வரும் பங்களாவுக்குப் புரோமின். சூட்டில் நிலைத்து நிற்கும், பிஎச் கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும், வாடையும் குறைவு. மிதக்கும் கூட்டில் வில்லையைப் போட்டுவிட்டால் மெதுவாகக் கரையும், வாச்சர் ஸ்ட்ரிப்பைப் பார்த்து துவாரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். வெயில் பட்டால் புரோமின் அழியும், அதனால் மூடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். வில்லை அமிலத்தன்மை உள்ளது, நம் மென்மையான ஊற்றுத் தண்ணீரில் பிஎச் சட்டென்று விழும், ஆகவே அப்பச்சோடா கையிருப்பில் இருக்கட்டும். குளோரின் ஒத்துக்கொள்ளாத தோல் என்று இதற்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பொதுவாகக் கிடைக்கும் புரோமின் வில்லையிலும் குளோரின் உண்டு. மறுபடி குளோரினுக்குத் திரும்ப நினைத்தால் டப்பை முழுதாக வடித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

உப்பு மெஷின் குளோரின் இல்லாத வழி என்று சொல்லி விற்பார்கள். அது உப்பிலிருந்து குளோரினைத்தான் செய்கிறது, அதுவும் கரண்ட் இருந்தால். காற்றில் மரம் விழுந்து லைன் போன இரவில் அது சும்மாதான் கிடக்கும். ஓசோன் வாயுவும் யூவி (புற ஊதா) விளக்கும் குழாய்க்குள் போகும் தண்ணீரை மட்டுமே சுத்தம் செய்யும், டப்பில் எதுவும் தங்காது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்பக் கூடாது.

மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அப்போது ஓடையில் நேரே திறந்துவிடாதீர்கள், கீழே லயத்துப் பீலிக்குப் போவது அதே ஓடைத் தண்ணீராக இருக்கலாம். ஹீட்டரை அணைத்து, மருந்து போடுவதை நிறுத்தி, பகலில் மூடியைத் திறந்து வைத்து, ஸ்ட்ரிப்பில் பூச்சியம் காட்டிய பிறகு தரையில் மெதுவாக விடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் மரக்கறிப் பாத்திப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.