சிங்கப்பூர் வாரண்டில் கோலாலம்பூரில் கைதானால் குடும்பம் செய்ய வேண்டியது

சிங்கப்பூரில் ஜாமீனில் இருந்த பிள்ளை கோர்ட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர் செந்தூலுக்குத் திரும்பிவிட்டான், இப்போது போலீஸ் பிடித்துவிட்டது. "சிங்கப்பூருக்கு அனுப்ப மாதக்கணக்காகும்" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். இந்தோனேசியாவோ இந்தியாவோ ஆளைக் கேட்டால் அமைச்சரின் உத்தரவு, செஷன்ஸ் கோர்ட் விசாரணை என்று நீளும். சிங்கப்பூருக்கும் புருணைக்கும் மட்டும் தேடப்படுபவரை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதற்கான மலேசியாவின் 1992ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தில் (சட்டம் 479) குறுக்குவழி உண்டு. அங்குள்ள நீதிபதி பிறப்பித்த வாரண்டை இங்குள்ள மாஜிஸ்திரேட் ஏற்றுக் கையொப்பமிட்டால் போதும், கைது செய்யலாம். ஆகவே முதல் நாளே முக்கியம்.

கைதானவர் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு வழிசெய்கிறது. அழைப்பு வந்ததும் நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த பாலாய் (போலீஸ் நிலையம்), விசாரணை அதிகாரி யார், எந்தச் சட்டத்தின்படி கைது, எந்த கோர்ட்டில் எத்தனை மணிக்கு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கோலாலம்பூரில் என்றால் பெரும்பாலும் ஜாலான் டூத்தா கோர்ட் வளாகம், பினாங்கில் என்றால் லெபோ லைட். கோர்ட் திறக்குமுன்பே வழக்கறிஞரோடு அங்கே இருங்கள். வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது; ஒப்படைப்பு வழக்கை எடுப்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாரண்டை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வழக்கு பிசகுவது பெரும்பாலும் ஆள் அடையாளத்தில்தான். நம்மவர்களில் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் கொண்டவர் பலர் உண்டு. வாரண்டில் ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்குப் பதில் பழைய பாஸ்போர்ட் எண்ணோ சிங்கப்பூர் வேலை பெர்மிட் எண்ணோ இருக்கலாம். பழையது புதியது எல்லாப் பாஸ்போர்ட்டையும், காலாவதியான பெர்மிட் அட்டையையும் கொண்டு போங்கள். மாஜிஸ்திரேட்டின் கையொப்பம், முத்திரை, தேதி, குற்றத்தின் விவரம் நான்கையும் சரிபாருங்கள்.

"அவன் செய்யவில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது, அது சிங்கப்பூர் விசாரணைக்கு உரியது. மலேசியக் குடிமகன் என்பதும் தனியாகக் காப்பாற்றாது. வழக்கு மிக அற்பமானது, நல்லெண்ணத்தோடு தொடுக்கப்படாதது, அனுப்புவது அநீதி என்று காட்ட முடிந்தால் அதுவே பலமான வாதம். ஒப்படைக்க உத்தரவு வந்தால் அன்றே உயர்நீதிமன்றத்துக்குப் போய் தடை கேட்க வேண்டும், மறுநாள் என்பது தாமதம்.

எதிர்க்காமல் திரும்பிப் போவதும் சில வழக்குகளில் நல்ல முடிவுதான். ஜாமீனை மீறுவது சிங்கப்பூரில் தனிக் குற்றம். ஜாமீன் நின்றவரின் பணமும் போகும். ஆனால் சிங்கப்பூர் வழக்கறிஞரிடம் பேசாமல் சம்மதக் கையெழுத்துப் போடக் கூடாது. ஆளை ஒளித்து வைப்பதும், கள்ளவழியில் தாய்லாந்துக்கு அனுப்புவதும் வேண்டாம். உதவியவரும் வழக்கில் சிக்குவார்.

இனிப்புநீருக்கோ (நீரிழிவு) இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர் என்றால் டாக்டர் கடிதத்தையும் மாத்திரையையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். அக்கரைக்குப் போனதும் சிங்கப்பூரில் உள்ள மலேசியத் தூதரகத்துக்குப் பெயர், பாஸ்போர்ட் எண், கோர்ட் தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.