கபரகொயாவின் நாக்கில் விஷமில்லை: கொழும்பில் விலங்குகளைக் கண்டால் நாம் விடும் பிழைகள்

காட்டு விலங்கு பார்ப்பதற்கென்று வான் பிடித்து யாலவுக்கும் வில்பத்துவுக்கும் போகிறோம். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே கபரகொயா என்ற நீருடும்பு ஒன்று நீந்திப் போவதைப் பார்த்துவிடலாம். பொழுது சாயும்போது விகாரமகாதேவிப் பூங்காவின் மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். கோட்டே, பத்தரமுல்லைப் பக்கச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை திரிகிறது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாக 18 நகரங்களுக்குக் கிடைத்தபோது அதில் கொழும்பும் இருந்தது இந்தச் சதுப்புகளால்தான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவற்றின் உடம்பைப் பற்றி நாம் நம்புவதில் பாதி பிழை. நம்பிக்கை மனதோடு இருந்தால் பரவாயில்லை. கல்லெடுப்பதா, வழிவிடுவதா, கையால் தூக்குவதா என்பதை அதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்?

கபரகொயாவிலிருந்து தொடங்கலாம். கொழும்பில் காரணமில்லாமல் அதிகம் அடிவாங்குவது அதுதான். அது நாக்கை நீட்டினால் விஷம் கக்கப் போகிறது என்று அலறுவோர் இன்றும் உண்டு. அந்தப் பிளவுபட்ட நாக்கு மோப்பம் பிடிக்கும் உறுப்பு. காற்றிலும் தரையிலும் இருக்கும் மணத்துகள்களை அது ஒட்டியெடுத்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. நாக்கின் இரண்டு நுனிகளில் எதில் மணம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் இரை இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். உங்கள் பக்கம் நாக்கை நீட்டினால் உங்களை மோந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது வாலுக்கும் பல்லுக்கும் நகத்துக்கும். பக்கவாட்டில் தட்டையான அந்த வால் நீந்துவதற்கு உதவுகிறது. மாட்டிக்கொண்டால் அதாலேயே சுழற்றி அடிக்கும். அந்த அடி தோலில் தடிப்பை உண்டாக்கும், நாயாக இருந்தால் ஊளையிட வைக்கும். ஆனால் அடிபட்ட இடம் அழுகிப்போகும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கடி வேறு விஷயம். கொமோடோ உடும்பின் வாயிலுள்ள பக்டீரியாதான் இரையைக் கொல்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு அதன் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. நம்முடைய கபரகொயா கடித்து ஆள் செத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அழுகிய இறைச்சி தின்னும் பிராணியின் கடியை மஞ்சள் பூசி மறைத்துவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடி வாங்குவோர் அனேகமாக அதன் வழியை மறித்தவர்கள். கான் வழியாக வந்த பிராணி திரும்பிப் போகவும் அந்தக் கானைத்தான் தேடும். நாம் என்ன செய்கிறோம்? கேற்றை மூடுகிறோம், ஒருவர் விளக்குமாறோடு ஒரு பக்கம், இன்னொருவர் தடியோடு மறுபக்கம், நடுவில் நாயை அவிழ்த்து விடுகிறோம். மூலைக்குள் சிக்கிய கபரகொயா தொண்டையை உப்பி, சீறி, வாலை வீசும். "பார், எவ்வளவு கோபம்!" என்பார்கள். நாயைக் கட்டி, தண்ணீர்ப் பக்கம் இருக்கும் வழியைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடியுங்கள். அது போய்விடும்.

அந்தத் தொண்டையைப் பற்றி ஒரு சங்கதி சொல்லாமல் விட முடியவில்லை. பல்லியினங்கள் பொதுவாக ஓடும்போது சரியாக மூச்சு வாங்க முடியாதவை. உடம்பை வளைத்து ஓட வைக்கும் தசைகளும் காற்றை இழுக்கும் தசைகளும் ஒன்றுதான். உடும்புக் குடும்பம் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: தொண்டையை விரித்துச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. ஆபிரிக்காவின் சவன்னா உடும்பை ஓடவிட்டு 1999இல் இதைக் காட்டினார்கள். அதே உடும்பின் நுரையீரலில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது என்பது 2013இல் தெரியவந்தது. பறவைகளின் நுரையீரலும் அப்படித்தான் வேலை செய்கிறது. காலி வீதி ஓரத்துக் கானில் படுத்துக் கிடப்பது இப்படியொரு பொறியை உடம்பில் வைத்திருக்கிறது என்றால் எனக்கு அதன்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

கபரகொயாவையும் தரை உடும்பையும் குழப்பிக்கொள்வதும் வழக்கம். மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். கபரகொயாவுக்கு அது மூஞ்சியின் நுனிக்குக் கிட்ட இருக்கும். நீரில் மிதந்தபடி மூச்சுவிட அது வசதி. தரை உடும்புக்குக் கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு கீறல் மாதிரித் தெரியும். இரண்டையும் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். கோழிக் கழிவைக் கால்வாயில் எறிந்து கபரகொயாவைக் கூப்பிட்டு வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: எலி, நண்டு, செத்த மீன் தின்று தன்பாட்டில் இருந்ததை மனிதக் கையைத் தேடி வரப் பழக்குவது நீங்கள்தான். பிறகு அது குழந்தை கையிலுள்ள பணிஸுக்கு வாய் வைத்தால் அடி விழுவதும் அதற்குத்தான்.

அடுத்து வௌவால். இதைப் பற்றி இல்லாத கதையில்லை. வௌவாலுக்குக் கண் தெரியாது என்கிறோம். பழந்தின்னி வௌவாலின் பெரிய கண்களை ஒருமுறை பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிப்பது பூச்சி தின்னும் சிறு வௌவால்களின் வித்தை; இந்தப் பெரியது பார்த்தும் மோந்தும்தான் பழ மரத்துக்கு வருகிறது. வாயால் மலம் கழிக்கும் என்பது இன்னொரு கதை. அது பழத்தை மென்று சாறை விழுங்கிவிட்டுச் சக்கையை உருட்டித் துப்புகிறது. கீழே நிற்பவர் அதைப் பார்த்துக் கட்டிய கதை இது. உண்மையில் கழிக்க வேண்டியபோது சிறகின் பெருவிரல் நகங்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து தொங்கும். சுத்தமான பிராணி.

தலைகீழாகத் தொங்குவதற்கும் அது எந்தப் பலமும் செலவழிப்பதில்லை. உடம்பின் பாரமே தசைநாரை இழுத்து விரல்களைப் பூட்டிவிடும். உறங்கும்போதும் பிடி விடாது, செத்தாலும் பல நேரம் விடாது. மின்கம்பியில் நாட்கணக்காகத் தொங்கும் வௌவாலைக் கொழும்பில் பார்க்காதவர் யார்? ஒரு மீற்றருக்கு மேல் விரியும் சிறகு இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொட்டுவிட்டால் அந்தக் கதிதான்.

இங்கே விடும் பெரிய பிழை, தரையில் கிடக்கும் வௌவாலை இரக்கத்தில் வெறுங்கையால் தூக்குவது. அதனால் தரையிலிருந்து நேராகக் கிளம்பிப் பறக்க முடியாது, எதிலாவது ஏறியாக வேண்டும். ஆகவே தரையில் கிடப்பதெல்லாம் சாகப் போகிறது என்றில்லை. ஆனால் நோயோடு கிடக்கவும் கூடும். விசர்நாய்க்கடி வைரஸின் நெருங்கிய உறவான ஒன்று இலங்கைப் பழந்தின்னி வௌவால்களில் கண்டுபிடிக்கப்பட்டு, பேராதனைக்குப் பக்கத்திலுள்ள கன்னொருவையின் பெயரால் 2016இல் பதிவானது. பயந்து கிளையை வெட்ட வேண்டியதில்லை. தொடாமல் இருந்தால் போதும். கீறியோ கடித்தோ விட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் "வௌவால்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பூனைக் கீறல் என்று மழுப்ப வேண்டாம். வௌவால் கொறித்துப் போட்ட கொட்டங்காயையும் மாம்பழத்தையும் வெட்டிச் சாப்பிடும் பழக்கத்தை விடுவதும் நல்லது. 2018இல் கேரளத்தில் பரவிய நிப்பா வைரஸைச் சுமப்பதும் இதே இன வௌவால்தான்.

பாம்பு விஷயத்தில் ஒரே ஒரு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஆளைக் கொல்லக்கூடியது. சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணையும் என்பது ஊரறிந்த கதை. வெற்றுக் காணியில் இரண்டு நீளப் பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலையைத் தூக்கி ஆடுவதைப் பார்த்தால், பட்டுத்துணி போட்டு எடுத்தால் அதிர்ஷ்டம் என்று கிட்டப் போவோரும் உண்டு. ஆடுவது அனேகமாக இரண்டு ஆண் சாரைகள். அது மல்யுத்தம்: எதிராளியின் தலையை மண்ணோடு அமுக்குபவர் வெற்றி, தோற்றவர் நழுவிவிடுவார். நாகத்தில் ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், படம் எடுக்காததெல்லாம் சாரை என்ற முடிவில். படம் என்பது கழுத்து விலாக்களை விரித்துக் காட்டும் மிரட்டல். நாகம் நாள் முழுக்க அப்படித் திரிவதில்லை. மதிலோரம் தன்பாட்டில் ஊர்ந்து போகும் நாகத்தின் கழுத்து ஒடுங்கித்தான் இருக்கும், பார்வைக்குச் சாரை மாதிரியே தெரியும். பின்கழுத்துக் குறியும் எல்லா நாகத்திலும் தெளிவாக இராது. அடையாளம் காணும் வேலையே உங்களுக்கு வேண்டாம். கடித்துவிட்டால் பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோவதில் நேரத்தைக் கரைக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டாலும் சரி.

மீன்பிடிப் பூனையின் கதை எதிர்த்திசையில் போகிறது. அங்கே பயத்தைவிடப் பாசம்தான் கெடுக்கிறது. வீட்டுப் பூனையைவிட நன்றாகப் பெரியது, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. இரவில் கால்வாயோரம் ஒருவர் கண்டுவிட்டால் மறுநாள் "சிறுத்தைக் குட்டி" என்று செய்தி பரவும். கொழும்பில் சிறுத்தை இல்லை. பூனை தண்ணீருக்குப் பயப்படும் என்ற நினைப்பில் இருப்பதால், தண்ணீரில் பாய்வது பூனையாக இருக்க முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். இதன் விரல்களுக்கிடையில் சிறிது தோல் சவ்வு உண்டு, நகம் முழுதாக உள்ளே போகாது. உரோமம் இரண்டு அடுக்கு: அடியிலுள்ள நெருக்கமான அடுக்கு மழைக்கோட்டு மாதிரி தோலை நனையவிடாது. குட்டையான, தடித்த வால் நீந்தும்போது திசைதிருப்ப உதவும். தலையைத் தண்ணீருக்குள் விட்டே மீனைக் கவ்வும்.

புற்காட்டில் குட்டிகளைக் கண்டால் தாய் கைவிட்டுவிட்டது என்று வீட்டுக்குத் தூக்கி வருவது பெரும் பிழை. தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். விலகி நின்றால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பசுப்பால் கொடுத்து வளர்க்கப் பார்ப்பது குட்டிக்குக் கேடு, சட்டத்துக்கும் விரோதம். தோட்டத்துத் தொட்டியில் விலைகொடுத்து வாங்கிய கோய் மீன் வளர்ப்பவர்கள் இரவில் வலைபோட்டு மூடுங்கள். திறந்த தொட்டி வைத்துவிட்டுப் பூனையைத் திட்டுவதில் நியாயமில்லை.

முதலை பற்றிச் சுருக்கமாக. முதலை குளத்துப் பிராணி, கடலில் குளிப்பவருக்குக் கவலையில்லை என்பது பிழை. உவர்நீர் முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இருக்கின்றன, அதனால் கடலில் நாட்கணக்கில் இருக்க முடியும். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலோரத்தில் சுழியோடி ஒருவர் முதலைக்கு இரையானார். ஆறோ கால்வாயோ கடலில் விழும் இடத்தில் இருட்டிய பிறகு இறங்க வேண்டாம்.

பல்லி விழுந்த கறியில் விஷம் ஏறாது. பல்லியிடம் விஷமே இல்லை. ஆனால் அதன் எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கறியைக் கொட்டுவது சரியான வேலைதான், காரணம் மட்டும் வேறு. பல்லியின் விரலில் பசை கிடையாது. நுண்ணிய மயிர்கள் சுவரோடு மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையில் உண்டாகும் மெல்லிய ஈர்ப்பான வான் டெர் வால்ஸ் விசையே அதைத் தாங்குகிறது என்று 2002இல் நிறுவினார்கள். ஒட்டாத சட்டிக்குப் பூசும் டெஃப்லான் மேல் மட்டும் அந்த விசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒட்டாத சட்டியைத் திறந்து வைக்காதீர்கள். உள்ளே விழுந்தது ஏறி வராது.

கடைசியாக, சீலிங்குக்கு மேலே ஓடுகிற மரநாய். பேய் என்று மந்திரிக்க ஆள் கூப்பிட்ட வீடுகளும் உண்டு. சிலர் அதன் வாலடிச் சுரப்பியின் மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ரம்பை இலை வாசம் வரும். எலி பிடிக்கும், பழம் தின்னும், பகல் முழுக்க உறங்கும். பிழை நடப்பது அந்தப் பகலில்தான்: ஆள் பிடித்து வந்து ஓட்டை எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். மரநாய் உள்ளே மாட்டிச் செத்து ஒரு மாதம் நாறும். முதலில் குட்டிச் சத்தம் கேட்கிறதா என்று சில இரவுகள் கவனியுங்கள். கேட்டால், குட்டிகள் வெளியே நடமாடும் வரை பொறுக்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால், இருட்டி அது வெளியே போனது நிச்சயமான பிறகு ஓட்டையைக் கம்பி வலையால் மூடி, கூரையில் முட்டும் மாமரக் கிளையையும் வெட்டிவிடுங்கள். காயப்பட்டோ மாட்டிக்கொண்டோ கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கலாம்.