திருச்சியில் எந்த ஸ்டேஷனில் ஏறுவது, எதில் இறங்குவது?

ரயில் டிக்கெட் எடுக்கும் செயலியில் "திருச்சிராப்பள்ளி" என்று தட்டினால் நாலைந்து பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிடுகிறோம். ஜங்ஷனின் குறியீடு டிபிஜே, கோட்டை ஸ்டேஷனின் குறியீடு டிபி. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு தடத்தில் போய் உட்கார வைக்கும் எழுத்து அது. டவுன் ஸ்டேஷன் டிபிடிஎன், பாலக்கரை டிபிஇ, ஸ்ரீரங்கம் எஸ்ஆர்ஜிஎம். பொன்மலைக்கு ஜிஓசி, 'கோல்டன் ராக்' என்ற பழைய பெயரின் மிச்சம்.

எந்த ரயில் எந்த ஸ்டேஷன் வழியாக வரும் என்பதைத் தடம்தான் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

சென்னையிலிருந்து இரண்டு தடங்கள். விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக வருவது கார்ட் லைன். கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றி வருவது மெயின் லைன். பெயரைப் பார்த்து மெயின் லைன்தான் சீக்கிரம் வரும் என்று நினைக்க வேண்டாம். பழைய தடம் அது, தூரமும் அதிகம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பல்லவன், வைகை எல்லாம் கார்ட் லைனில் ஓடுபவை. சோழன் எக்ஸ்பிரஸ் மெயின் லைன்.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். ஸ்ரீரங்கமும் டவுன் ஸ்டேஷனும் கார்ட் லைனில் மட்டுமே இருக்கின்றன. சோழனில் டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்ரீரங்கம் எப்போது வரும் என்று காத்திருந்தால் வராது. அந்த வண்டி தஞ்சாவூரிலிருந்து திருவெறும்பூர், பொன்மலை வழியாக நேரே ஜங்ஷனுக்குப் போய்விடும். கோயிலுக்கென்றே வருபவர்கள் மலைக்கோட்டை அல்லது பல்லவனில் ஸ்ரீரங்கம் வரைக்கும் டிக்கெட் எடுப்பது நல்லது. ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். ஜங்ஷனில் இறங்கிவிட்டால் ஊரை முழுக்கக் கடந்து, காவிரிப் பாலமும் தாண்டி வர வேண்டும்.

விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வருபவர்களுக்கு ஆறுகள்தான் அடையாளம். லால்குடி தாண்டியதும் வரும் முதல் நீண்ட பாலம் கொள்ளிடம். சக்கரச் சத்தம் மாறியதும் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், பாலம் முடிந்ததும் ஸ்ரீரங்கம். இரண்டாவது பாலமும் வந்துவிட்டதென்றால் அது காவிரி, ஸ்ரீரங்கத்தைத் தவறவிட்டுவிட்டீர்கள். மலைக்கோட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜங்ஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து மத்திய பஸ் நிலையத்துக்கு நடந்து போனால், சத்திரம் பஸ் நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் கிடைக்கும்.

ஈரோடு, கரூர் பக்கமிருந்து வரும் ரயில்களின் கதை வேறு. அவை கோட்டை, பாலக்கரை வழியாக ஜங்ஷனுக்குள் நுழைகின்றன. தில்லைநகர், சத்திரம் பக்கம் வேலையென்றால், உங்கள் வண்டிக்குக் கோட்டையில் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்து அங்கேயே இறங்கிவிடுங்கள். ஜங்ஷன் போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம். டவுன் ஸ்டேஷன் மலைக்கோட்டைக்குக் கிழக்கே, கோட்டை ஸ்டேஷன் மேற்கே. ஆட்டோவில் ஏறி வெறுமனே "கோட்டை" என்று சொன்னால் ஓட்டுநர் மலைக்கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். "ஃபோர்ட் ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய நேரத்துக்கே வந்த வண்டி பொன்மலையில் படுத்துக்கொள்வது திருச்சிக்காரர்களுக்குப் பழகிப்போன சமாசாரம். காரணம் எளியது: கார்ட் லைனும் மெயின் லைனும் பொன்மலையில் சேர்ந்துதான் ஜங்ஷனுக்குள் போகின்றன. முன்னால் ஒரு வண்டி பிளாட்பாரத்தைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவது காத்திருக்க வேண்டியதுதான். எனவே ஜங்ஷனில் வேறு ரயிலுக்கு மாறுகிற திட்டம் இருந்தால், கால அட்டவணையில் அரை மணி இடைவெளி தெரிகிறது என்று நம்பாதீர்கள். ஒன்றரை மணி நேரமாவது கையில் இருக்கட்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, அவற்றின் பிஎன்ஆர் (முன்பதிவு) எண்களை இணைக்காமல் விட்டிருந்தால், முதல் வண்டி தாமதமானதற்காக இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

கரூர் தடமும் ஜங்ஷனின் அதே கிழக்குப் பக்கமாகத்தான் வந்து சேர்கிறது. அதனால் கரூரிலிருந்து தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போகிற ரயில் ஜங்ஷனில் திசை மாற வேண்டும். கோயம்புத்தூர் – மயிலாடுதுறை ஜன் சதாப்தி இப்படித்தான். இன்ஜின் மறுமுனைக்கு மாறும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கிளம்பியதும் வந்த வழியே திரும்பிப் போகிறதே என்று பதற வேண்டாம், வண்டி சரியாகத்தான் போகிறது. அதுவரை முன்னோக்கி உட்கார்ந்து வந்தவர் இனிமேல் பின்னோக்கி உட்கார்ந்து போவார், அவ்வளவுதான். பெட்டி வரிசையும் தலைகீழாகிவிடும். கரூரில் முன்னால் இருந்த பெட்டி தஞ்சாவூரில் கடைசியில் நிற்கும். அழைத்துப்போக வருகிறவர்களிடம் பெட்டி எண்ணைச் சொல்லுங்கள். "முன்னாடி இருக்கிறோம்" என்று சொன்னால் பிளாட்பாரத்தின் இரண்டு முனைக்கும் ஓட வேண்டிவரும்.

ஜன் சதாப்தியில் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. தஞ்சாவூருக்குச் சாதாரண டிக்கெட் எடுத்து அதில் ஏறினால், கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம். முன்பதிவில்லா டிக்கெட்டை மொபைலில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றால் காகிதமில்லா டிக்கெட்டைச் செயலி தராது. வந்த பிறகுதான் நினைவு வந்தது என்றால், ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். 199 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு, எடுத்த 3 மணி நேரத்துக்குள் ரயில் ஏற வேண்டும். காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் போவதெல்லாம் செல்லாது.

சென்னைக்குப் போகும்போது ஜங்ஷன் முதலில், ஸ்ரீரங்கம் பிறகு. ஜங்ஷனிலிருந்து டிக்கெட் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஏறப்போகிறீர்களென்றால் ஏறும் நிலையத்தை ஒரு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பரிசோதகர் நீங்கள் வரவில்லை என்று குறித்து, படுக்கையை, முழுப் படுக்கை கிடைக்காமல் ஆர்ஏசி-யில் இருப்பவருக்குக் கொடுத்துவிட உரிமை உண்டு. மாற்றிய பிறகு ஜங்ஷனிலேயே ஏறுவதும் சிக்கல்தான்.

கடைசியாக பஸ். வெளியூர் பஸ்கள் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த காலம் 2025 ஜூலையோடு முடிந்தது. அவை மதுரைச் சாலையில் உள்ள பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. மத்திய பஸ் நிலையத்தில் இப்போது டவுன் பஸ்கள்தான். ராத்திரி ரயிலைவிட்டு இறங்கி, பழைய நினைப்பில் பெட்டியை இழுத்துக்கொண்டு அங்கே போய் மதுரை பஸ்ஸைத் தேடாதீர்கள். பஞ்சப்பூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். ஆட்டோவென்றால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.