லினக்ஸ் போடும்போது பார்ட்டிஷன் முரண்டு பிடித்தால்

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும், சொந்தக்காரர்களின் பழைய லேப்டாப்புகள் ஒவ்வொன்றாக மார்த்தாண்டத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடுவதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

முதலில் படம், ஆவணம் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். பேட்டரி போன லேப்டாப் என்றால் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். ஆனி, ஆடி மழையில் கம்பி மேல் ரப்பர் மரம் சாய்ந்து கரண்ட் போவது நமக்குப் புதிதா என்ன?

அப்புறம் விண்டோஸை ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி ஆனில் இருந்தால், சாதாரணமாக அணைத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும். சி டிரைவைத் தொட லினக்ஸ் மறுக்கும்.

தக்கலையிலிருந்து வந்த சித்தி மகனின் லேப்டாப்பில் சிக்கல் வேறு. "அண்ணா, 60 ஜிபி சும்மா கெடக்கு, எடுக்க மாட்டேங்குது" என்றான். லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டின் இன்ஸ்டாலரில் அந்த இடத்துக்கு நேரே 'அன்யூசபிள்' (பயன்படுத்த முடியாதது) என்றிருந்தது. நிறுவாமலே ஓடும் லைவ் டெஸ்க்டாப்பில், டிஸ்க்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டட் நிரலைத் திறந்து, வியூ மெனுவில் டிவைஸ் இன்ஃபர்மேஷனைப் பார்த்தேன். பார்ட்டிஷன் டேபிள்: எம்எஸ்டாஸ். சரி, பார்ட்டிஷன் விவரத்தை எழுதிவைக்கும் பழைய முறையான எம்பிஆர்.

எம்பிஆரில் பார்ட்டிஷன் விவரம் எழுத 64 பைட்டுதான் உண்டு. ஒன்றுக்கு 16 வீதம் நாலோடு தீர்ந்தது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ரெக்கவரி என்று நாலும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. நிலம் கிடக்கிறது, பாகப்பத்திரத்தில் பெயர் எழுத வரி இல்லை, அவ்வளவுதான்.

டி டிரைவில் இருந்ததை வெளியே எடுத்துவிட்டு அதை அழித்தேன். அந்த இடமும் பக்கத்திலிருந்த 60 ஜிபியும் ஒன்றாகின. அதில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று; நாலில் ஒரு வரியை மட்டும் பிடித்து, உள்ளே பல பார்ட்டிஷன்களை வைத்துக்கொள்ளும் வகை இது. அதற்குள் லாஜிக்கல் எனப்படும் உட்பிரிவுகளாக லினக்ஸுக்கு எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு) ஒன்று, மிச்சம் அவன் கோப்புகளுக்கு. லாஜிக்கலில் இருந்தும் லினக்ஸ் நன்றாகவே பூட் ஆகும். இதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் செய்யப் போனால் 'டைனமிக் டிஸ்க்' (விண்டோஸின் தனி டிஸ்க் முறை) ஆக்கட்டுமா என்று கேட்கும். தப்பித்தவறியும் சம்மதிக்காதீர்கள், பிறகு இன்ஸ்டாலர் கைவிரித்துவிடும்.

ஜிபார்ட்டட்டில் ஒரு பார்ட்டிஷனுக்கு அருகில் சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது, மாற்ற விடாது. ரைட் கிளிக் செய்து அன்மவுன்ட், ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) என்றால் ஸ்வாப்ஆஃப் கொடுங்கள்.

புது லேப்டாப்பில் டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி முறை ஆனில் இருக்கலாம். அவசரப்பட்டு லினக்ஸுக்குத் தெரிந்த பொது முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, விண்டோஸை சேஃப் மோடுக்கு (குறைந்த வசதிகளோடு எழும் நிலைக்கு) அமைத்து, பிறகு மாற்றுங்கள்.

ஜிபார்ட்டட்டில் பார்ட்டிஷன்களை உருவாக்குவது, அழிப்பது, அளவு மாற்றுவது எதுவும் பச்சை டிக்கை அழுத்தும்வரை டிஸ்க்கில் ஏறாது. அழுத்துமுன் அளவுகளை இன்னொரு முறை பாருங்கள்.